எந்தக் காட்சியை முதலில் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, முதல் காட்சியில் ஆரம்பித்துக் கடைசிக் காட்சி வரை வரிசையாக எழுதச் சொல்கிறது. ஒரு அத்தியாயம் முழுக்கத் திருந்தும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் யோசனை சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. இரண்டாவது யோசனை அநேகமாக யாருக்கும் உதவாது. பிரதிகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நாள்தோறும் பார்க்கிற விஷயம் இது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாவலுக்குள் மூன்று வரிசைகள் இருக்கின்றன. சம்பவங்கள் கதைக்குள் நடந்த வரிசை ஒன்று, வாசகர் படிக்கும் வரிசை இன்னொன்று, எழுத்தாளர் எழுதிய வரிசை மூன்றாவது. அச்சான புத்தகத்தில் மூன்றாவதின் சுவடு தெரியக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை. எந்தக் காட்சியை எப்போது எழுதுவது என்பது எழுத்தாளர் இஷ்டம். திருத்த உட்காரும்போது அந்த இஷ்டம் செல்லாது. அப்போது மற்ற இரண்டு வரிசைகளுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

முன்பின்னாக எழுதிப் புகழ்பெற்ற நாவல்களுக்குக் குறைவில்லை. 1936இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ நாவலில் மார்கரெட் மிட்செல் முதலில் எழுதியது கடைசி அத்தியாயத்தைத்தான். எழுதிய அத்தியாயங்களைத் தனித்தனிக் காகித உறைகளில் போட்டு வைத்திருந்தார். விளாதிமிர் நபக்கோவ் சிறு அட்டைகளில் பென்சிலால் எழுதுவார். கதையின் எந்த இடத்துக்கான அட்டையையும் எப்போது வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் பிறகு அடுக்குவார். 1977இல் அவர் இறந்தபோது முடியாமல் கிடந்த நாவல் 138 அட்டைகளாக இருந்தது. 2009இல் அதைப் புத்தகமாக்கியபோது, வாசகரே அட்டைகளைக் கிழித்தெடுத்து மாற்றி அடுக்கிக்கொள்ளும்படி துளைக்கோடு போட்டு அச்சிட்டார்கள்.

டால்ஸ்டாய் ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு வந்து சேர்ந்த வழி இன்னும் முக்கியமானது. நாடுகடத்தப்பட்ட டிசம்பர் புரட்சிக்காரன் ஒருவன் 1856இல் ஊர் திரும்புவதாகத்தான் அவர் முதலில் யோசித்தார். அவனைப் புரிந்துகொள்ள, அந்தப் புரட்சி நடந்த 1825க்குப் போக வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், நெப்போலியன் ரஷ்யாமீது படையெடுத்த 1812 இருந்தது. கடைசியில் நாவல் 1805இல் தொடங்கியது. கதை எங்கே ஆரம்பிக்கிறது என்பதே எழுதிக்கொண்டு போகும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. அப்படியிருக்க, முதல் அத்தியாயத்தைச் செதுக்கி முடிக்காமல் நகரக் கூடாது என்பது, நாளை நீக்கப்படக்கூடிய பக்கங்களுக்காக மாதக்கணக்கில் உழைக்கச் சொல்வதாகும்.

வரிசையாக எழுதுவதுதான் இயல்பு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியதற்குத் தொடர்கதை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். போன வாரம் அச்சாகி வாசகர் கைக்குப் போன அத்தியாயத்தை இந்த வாரம் மாற்ற முடியாது. அந்த வரிசை பத்திரிகையின் கட்டாயம். புத்தகமாகவே எழுதுகிற ஒருவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தொடராக எழுதியவர்களும் முன்யோசனை இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிடவில்லை. சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத்தொடராக வந்தது. அதற்கு அவர் எழுதிவைத்த குறிப்புத் தாள்கள் இங்கிலாந்தின் விஸ்பெக் நகர அருங்காட்சியகத்தில் கைப்பிரதியோடு இருக்கின்றன. ஒரு குறிப்பில் பாத்திரங்களின் வயதை வரிசையாகப் போட்டிருக்கிறார்: பிப், எஸ்டெல்லா, ஹெர்பர்ட் மூவருக்கும் ஏறக்குறைய 23, கைதி மாக்விச்சுக்கு 60. இன்னொன்றில் தேம்ஸ் ஆற்றின் ஏற்ற வற்ற நேரங்கள் இருக்கின்றன. மாக்விச்சைப் படகில் தப்பவைக்க முயலும் காட்சியில், எத்தனை மணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரியாமல் ஒரு துடுப்பைக்கூட அசைக்க முடியாது. முடிவுக் காட்சியையோ, நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, அச்சேறும் முன்பே மாற்றி எழுதினார். அச்சாகிவிட்ட பகுதிகளில் கைவைக்க முடியாத நிலையில், முடிவு மட்டும்தான் இன்னும் அவர் கையில் இருந்தது.

தாவித் தாவி எழுதினால் எதுவும் கெடாது என்று சொல்லவில்லை. நிறையவே கெடும். ஒரே பாத்திரம் இரண்டு முறை அறிமுகமாகும். 12ஆம் காட்சியில் புருவத் தழும்பை விவரித்தவர், பிறகு எழுதிய 5ஆம் காட்சியிலும் அதே தழும்பைப் புதிதாகப் பார்ப்பதுபோல் விவரித்திருப்பார். அடுத்தது, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்ற குழப்பம். அப்பா கடன் வாங்கிய செய்தி மகளுக்கு 30ஆம் காட்சியில்தான் தெரியவருகிறது. ஆனால் 22ஆம் காட்சியை அதற்குப் பிறகு எழுதியதால், அங்கேயே அவள் பேச்சில் கடன் வந்துவிடும். எழுத்தாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்கும் தெரிந்துவிடுகிறது. உறவுமுறையும் விளிப்பும் தடுமாறும். மாமியாரை ஓரிடத்தில் ‘அத்தை’ என்பவள் இன்னோரிடத்தில் ‘மாமி’ என்பாள். கல்யாணத்துக்கு முன் ‘நீ’ என்று பேசியவன் பிறகு ‘நீங்க’ என்பான், அதற்கு அடுத்த காட்சியில் மறுபடியும் ‘நீ’.

காலக் கணக்குதான் எல்லாவற்றையும்விட மோசம். வளைகாப்பு ஏழாம் மாதத்தில், சித்திரையில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பிரசவம் ஆனியிலோ ஆடியிலோ வந்தாக வேண்டும். நடுவில் ஒரு வழக்குக் காட்சியைச் செருகி மற்றதையெல்லாம் மூன்று மாதம் தள்ளிவைத்தால் குழந்தை ஐப்பசியில் பிறக்கும், கர்ப்பம் 13 மாதமாகிவிடும். தீபாவளி இரவில் மொட்டைமாடியில் நிலா காய்வதும் இப்படித்தான் நேர்கிறது. வேறொரு நாளுக்காக எழுதிய காட்சியைத் தீபாவளிக்கு நகர்த்தியவர் அமாவாசையை மறந்துவிடுகிறார். தை மாதக் கல்யாணம் காட்சி மாற்றத்தில் ஆடிக்குப் போய் நிற்பதும் உண்டு. 1955இல் நடக்கும் நினைவுக் காட்சியைக் கடைசியாக எழுதிச் சேர்ப்பவர் கடைக்காரனுக்கு ‘ஐம்பது பைசா’ கொடுப்பார். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அவர் கொடுத்திருக்க வேண்டியது எட்டணா.

வரிசையாக எழுதுகிறவர்களுக்கு வேறு நோய். தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்து, விட்ட இடத்தில் தொடர்வார்கள். வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவார்கள். இதனால் முதல் 50 பக்கம் இருபது முப்பது தடவை திருந்தியிருக்கும், கடைசி 50 பக்கம் ஒரு தடவைகூடத் திருந்தியிருக்காது. போட்டிக்கு வரும் நாவல்களில் இது பளிச்சென்று தெரியும்: தொடக்கம் கவிதை மாதிரி, முடிவு கடிதச் சுருக்கம் மாதிரி. இரண்டாவது நோய், இணைப்புக் காட்சிகள். பேருந்து ஏறுவது, இறங்குவது, காபி குடிப்பது, தூங்கி எழுவது என்று அடுத்த முக்கியமான காட்சிக்கு வந்து சேரவே பக்கங்கள் போய்விடும். தாவி எழுதியவர் பிரதியில் இந்த இணைப்புகளே இருக்காது. முதல் வகைப் பிரதியில் வெட்ட வேண்டியது அதிகம், இரண்டாவது வகையில் சேர்க்க வேண்டியது அதிகம். எனக்கு வெட்டுகிற வேலையே எளிது. ஆனால் தாவி எழுதியவர்களின் முக்கியக் காட்சிகளில் பெரும்பாலும் உயிர் கூடுதலாக இருக்கிறது. மனம் சூடாக இருக்கும்போதே எழுதப்பட்டவை அவை.

எந்த நாவலுக்கு எந்த வழி என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. துப்பறியும் கதையில் மர்மம் அவிழும் காட்சியை முதலில் எழுதிவிடுவது நல்லது. எந்தெந்தத் தடயத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும். ஒரு மனிதர் சிறுகச் சிறுக மாறுவதே கதையென்றால் அந்த மனிதரின் காட்சிகளையாவது வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாற்றத்தின் படிகள் விட்டுப்போகும்.

எப்படி எழுதினாலும் காட்சிக்கு ஒரு அட்டை போட்டுவிட வேண்டும். 80,000 சொல் நாவல், 60 காட்சி என்றால் காட்சிக்குச் சராசரி 1,300 சொல். ஆக 60 அட்டை. ஒரு மேசையில் பரப்பிவிடலாம். அட்டையில் அழகான வாக்கியம் எதுவும் வேண்டாம். கதைக்குள் என்ன தேதி, எந்த இடம், யார் யார் இருக்கிறார்கள், காட்சி முடியும்போது யாருக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கிறது, இவை போதும். எண்ணைப் பத்துப் பத்தாக இடுங்கள்: 010, 020, 030. பிறகு ஒரு காட்சி செருக வேண்டுமானால் 015 என்று போடலாம், மற்றவற்றின் எண் மாறாது. கணினியில் எழுதுபவர்கள் வேர்டில் ஒவ்வொரு காட்சித் தலைப்புக்கும் ‘ஹெடிங்’ வடிவம் கொடுத்தால், இடப்பக்கப் பலகத்தில் தலைப்பை இழுத்து முழுக் காட்சியையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். 2007இல் வந்த ஸ்க்ரிவனர் மென்பொருள் இந்த வேலைக்கென்றே உருவானது. வெட்டிய பகுதிகளுக்குத் தனிக் கோப்பு வையுங்கள், அழிக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. மிட்செல் தன் நாயகிக்கு முதலில் வைத்த பெயர் பான்சி. ஸ்கார்லெட் என்று ஆனது மிகவும் பிந்தித்தான். ஆங்கிலத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதில் சிக்கல் குறைவு. தமிழில் ‘கமலா’வைச் ‘செல்வி’யாக்கக் கணினியிடம் சொன்னால், ‘கமலாவை’ என்பது ‘செல்விவை’ என்று வந்து நிற்கும், ‘கமலாவுக்கு’ என்பது ‘செல்விவுக்கு’ ஆகும். வேற்றுமை உருபோடு வரும் வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றிவிட்டு, வெறும் பெயரைக் கடைசியில் மாற்ற வேண்டும். பழைய காட்சிகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவிலும் புதியவை யூனிகோடிலும் இருந்தால் தேடலில் பாதி கிடைக்கவே கிடைக்காது. எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவராமல் திருத்தத்தைத் தொடங்கக் கூடாது.

இனித் திருத்தும் வரிசை. முதல் சுற்றில் வாக்கியத்தைத் தொடவே வேண்டாம். அட்டைகளை மட்டும் பார்த்து எந்தக் காட்சி போக வேண்டும், எது குறைகிறது, எது இடம் மாற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நீக்கப்போகும் காட்சியின் மொழியைச் செம்மைப்படுத்துவதில் போகும் நேரம் வீண். அடுத்து, ஒரு பாத்திரத்தின் காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். வட்டார வழக்கு எங்கே நழுவுகிறது, விளிப்பு எங்கே மாறுகிறது என்பதெல்லாம் இப்படிப் படிக்கும்போதுதான் பிடிபடும். பிறகு, முன்னும் பின்னும் போகிற நாவலாக இருந்தால், கதைக்குள் நடந்த வரிசையில் அடுக்கி ஒரு முறை படிக்க வேண்டும். வயது, மாதம், திதி, காரணகாரியம் எல்லாம் இந்தச் சுற்றில் சரிபார்க்கப்படும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். நினைவோட்ட நாவல்களில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கே விட்டவைதான். மொழிக்கான சுற்றைக் கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கிச் செய்யலாம். களைப்பில்லாத கண் இந்த முறை முடிவுப் பகுதிக்குக் கிடைக்கும்.

கடைசிச் சுற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, வாசகர் படிக்கும் அதே வரிசையில், காகிதத்தில் அச்செடுத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடிக்க வேண்டும். டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 220 சொல் என்று வைத்தால் அந்த 80,000 சொல் ஏறக்குறைய 360 பக்கம். நாளைக்கு 90 முதல் 120 பக்கம். ஒரு மாதம் இழுத்துப் படித்தால் 40ஆம் பக்கத்தில் சொன்னதையே 290இல் மறுபடி சொல்லியிருப்பது தெரியாமல் போய்விடும். பேனாவால் ஓரத்தில் குறி மட்டும் போடுங்கள். திருத்த நின்றால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும், தொய்வு எங்கே என்று தெரியாது.

இவையெல்லாம் பக்க வடிவமைப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். வடிவமைத்த பிறகு மூன்று பக்கக் காட்சி ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் நகரும், பொருளடக்கம் மாறும், கடைசி ஃபாரம் நிரம்பி வழிந்து புதிதாக ஒன்று தொடங்கவும் நேரலாம். அந்தச் செலவுக்குப் பயந்தே, தேவையான காட்சியைச் சேர்க்காமல் விட்டுவிட்ட புத்தகங்கள் உண்டு.

எழுதும் வரிசையைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர், தொடரின் அடுத்த பகுதியில் திருத்தும் வரிசையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாவல் போட்டிகளை அறிவிக்கும்போது, முதல் வரைவை முடித்தபின் திருத்துவதற்கு இரண்டு மூன்று மாதமாவது மிஞ்சும்படி கடைசித் தேதியை வைப்பதும் பத்திரிகைகளால் முடிகிற காரியம்தான்.

இப்படிக்கு,
நூல் பிரதி திருத்துநர்,
சென்னை