புளி ஓடு கொடுத்தவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் யோசனை, பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகி, போன வாரம் தருமபுரியில் நடந்த மாவட்டக் கண்காட்சியில் வைத்துவிட்டு வந்தோம். மாநிலப் போட்டிக்குப் போகும் பட்டியலில் பெயர் வரவில்லை. ஆனாலும் அந்த மேசை வரைக்கும் அவளையும் கூடவே உழைத்த தோழியையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது நன்றி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

யோசனை இதுதான்: புளி உடைத்தபின் குப்பைக்குப் போகும் ஓட்டைக் கரியாக்கி, அதன் வழியாகப் போர் தண்ணீரை வடித்தால் ஃப்ளோரைடு குறையுமா? தண்ணீரில் கரைந்திருக்கும் இந்த ஃப்ளோரைடு அதிகமானால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் விளக்க வேண்டியதில்லை, காவிக் கறை படிந்த பல்லை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தபிறகு எவ்வளவோ மாறிவிட்டது என்றாலும், கொல்லையில் வேலை செய்கிறவர்கள் தாகத்துக்குக் குடிப்பது இன்னும் போர் தண்ணீர்தான்.

முதல் நன்றி, பாட்டிலோடு வந்து நின்ற பிள்ளைகளை விரட்டாமல் தண்ணீர் பிடித்துக் கொடுத்த வீடுகளுக்கு. ஒரு ஆயா, “காய்ச்சிக் குடிச்சா போயிடாதா கண்ணு?” என்று கேட்டார். போகாது ஆயா, தண்ணி சுண்டச் சுண்ட இருக்கிறது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும் என்று அந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். நான் வகுப்பில் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த ஆயாதான் அப்புறம் இரண்டு சாக்கு புளி ஓடு எடுத்து வைத்துக் கொடுத்தார்.

கரியைப் போட்டுத் தண்ணீர் வடிக்கப் பானை செய்து கொடுத்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சுட்ட பானையில் ஓட்டை போட்டால் விரிசல் விடும் என்று பச்சைப் பானையிலேயே போட்டு, சுட்டுக் கொடுத்தார். கண்காட்சி அன்று காலையில் ஒரு பானை உடைந்துபோக, போன் செய்த அரை மணி நேரத்தில் இன்னொன்றை வைக்கோல் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்த கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

அரசு கொடுத்த 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்தது, சாமான்களுக்குப் போதும். ஆனால் சோதனைக்கு ஒரு ஆய்வகம் வேண்டுமே. தன் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று சனிக்கிழமை இடம் கொடுத்த வேதியியல் பேராசிரியருக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறோம். சிர்கோனியம் – அலிசரின் கரைசலை விட்டால் ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீர் மஞ்சளாகிவிடும், குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பு நிற்கும். முதல் சனிக்கிழமை பானையிலிருந்து வந்தது வெறும் கருப்புத் தண்ணீர். கரியைக் கழுவ வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது வாரம் வடித்த தண்ணீரில் இளஞ்சிவப்பு அப்படியே நின்றதும் இரண்டு பேரும் பேசவே இல்லை, சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நடுவராக வந்த ஒரு அம்மா, “எத்தனை குடத்துக்கு அப்புறம் இந்தக் கரி வேலை செய்யாது?” என்று கேட்டார். பிள்ளைகளிடம் பதில் இல்லை. சரியான கேள்வி அது, அதற்காக அவருக்கும் நன்றி. அது தெரிகிற வரைக்கும் இந்தப் பானைத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம்.

அதனால் வேலை இன்னும் இருக்கிறது. மாசியில் புளி உடைக்க ஆரம்பித்ததும் ஓட்டைக் கொட்டிவிடாதீர்கள், பிள்ளைகள் சாக்கோடு வருவார்கள்.