கோப்பின் தலையில் இரண்டு வரி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் அனுப்பிய வெளியீட்டைத் திறந்தவர்களுக்கு, ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் மாறியிருப்பதாக டிஃப் (பழைய, புதிய பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கருவி) காட்டியிருக்கும். "உரிமத்தையே மாத்திட்டாங்க" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சும் ஓடுகிறது. நிரலை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் எதுவும் மாறவில்லை. பிறர் எழுதிய நிரலின் உரிமத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரமும் கிடையாது.

கோப்புகளின் தலையில் சேர்ந்தவை இரண்டே வரிகள். உரிமத் தகவலை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதற்கான 'எஸ்பிடிஎக்ஸ்' என்ற பொதுத் தரத்தின்படி எழுதியவை அவை. 'எஸ்பிடிஎக்ஸ்-ஃபைல்காப்பிரைட்டெக்ஸ்ட்' என்ற வரி, கோப்பு யாருடையது, எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று சொல்கிறது. 'எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்' உரிமத்தின் குறும்பெயரைத் தருகிறது. ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) வாசலில் ஒரு லைசென்ஸ் கோப்பு இருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்து வேறு திட்டத்தில் போடும்போது வாசலில் இருப்பது கூடப் போகாது. தலையில் இருக்கும் வரி போகும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் 2017 நவம்பரில், அதன் 4.14 பதிப்பு வெளியாகும் முன், உரிமக் குறிப்பே இல்லாத 10,000-க்கும் மேற்பட்ட கோப்புகளில் இதே அடையாள வரியைத்தான் சேர்த்தார்கள்.

எங்களை மிகவும் வருத்தியது இதுதான்: 'ஜிபிஎல்-2.0' (ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு) என்று இருந்ததை 'ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்' ஆக்கி, உரிமத்தை நாங்களே தளர்த்திவிட்டோம் என்ற குற்றச்சாட்டு. அந்தப் பழைய குறும்பெயர், இரண்டாம் பதிப்பு மட்டுமா, பிந்தையதும் செல்லுமா என்று தெளிவாகச் சொல்லவில்லை. அதனால்தான் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் அதைக் கைவிட்டு, 'ஒன்லி' (அது மட்டும்), 'ஆர்-லேட்டர்' (அதுவோ பிந்தையதோ) என்று இரண்டாகப் பிரித்தார்கள். எந்தக் கோப்புக்கு எது என்பதை நாங்கள் ஊகிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே உள்ள பழைய பத்தியைத் தயவுசெய்து படியுங்கள்: இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி பிந்தைய எந்தப் பதிப்பும் என்று மூல ஆசிரியரே எழுதியிருக்கிறார். அந்தச் சொற்றொடர் இருக்கும் கோப்புகளில் மட்டுமே 'ஆர்-லேட்டர்' போட்டோம். பழைய பத்திகளில் ஓர் எழுத்தையும் நீக்கவில்லை. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்களில் பதிப்புரிமை (காப்பிரைட்) குறிப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஒரு குறிப்பும் இல்லாத கோப்புகளில் எதுவும் எழுதாமல், எழுதியவர்களிடம் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை 'ரியூஸ் லின்ட்' என்ற சரிபார்ப்புக் கருவி அவற்றைக் குறையாகவே காட்டும், காட்டட்டும்.

எங்கள் தவறு ஒன்று உண்டு. அடையாளம் போட்ட எங்கள் ஸ்கிரிப்ட், சில பைத்தான் கோப்புகளில் '#!' வரிக்கு (கோப்பை எந்த நிரல் இயக்க வேண்டும் என்று சொல்லும் முதல் வரி) மேலே புது வரியைச் செருகிவிட்டது. '#!' முதல் வரியில் இல்லாவிட்டால் பைத்தான் கோப்பை ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) தன் ஸ்கிரிப்ட் என்று எடுத்துக்கொண்டு, 'இம்போர்ட்' என்ற கட்டளையே இல்லை என்று கத்தும். எக்ஸ்எம்எல் அறிவிப்பு உள்ள கோப்புகளிலும் இதே கதைதான்: அந்த அறிவிப்புக்கு மேலே எதுவும் வரக் கூடாது. இரண்டிலும் அடையாளம் இரண்டாம் வரியிலிருந்து தொடங்க வேண்டும். திருத்திய வெளியீடு இப்போது தயார். சிரமத்துக்கு மன்னியுங்கள்.

ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பில் கமென்ட் (இயங்காத குறிப்பு வரி) எழுத வழியில்லை, பெரும்பாலான படங்களிலும் இல்லை. அதனால் 'கான்ஃபிக்.ஜேசன்' பக்கத்திலேயே 'கான்ஃபிக்.ஜேசன்.லைசென்ஸ்' என்று ஒரு துணைக்கோப்பு இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள். உரிமங்களின் முழு வாசகம் 'லைசென்சஸ்' ஃபோல்டரில் இருக்கிறது.

நீங்கள் சொந்தமாகத் திருத்தம் செய்திருந்தால் கோப்பின் தலைப்பகுதியில் மெர்ஜ் மோதல் (உங்கள் மாற்றமும் எங்கள் மாற்றமும் ஒரே இடத்தில் முட்டுவது) வரும். இரு பக்க வரிகளையும் வைத்துக்கொண்டால் போதும். அடையாளங்களை எல்லாம் ஒரே தனி கமிட்டில் (மாற்றப் பதிவில்) வைத்திருக்கிறோம். அதன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளைக்கு 'இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல்' ஆகக் கொடுத்தால், அது அந்தக் கமிட்டை விட்டுவிட்டு அதற்கு முன் எழுதியவரின் பெயரைக் காட்ட முயலும். தொடாத பழைய வரிகளை எழுதியவர் பெயர் எப்படியும் அப்படியே இருக்கும்.

இத்தனை ஆண்டுகளாகக் கூடவே இருந்து, சந்தேகம் வந்ததும் நேரில் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. '#!' கோளாறை முதலில் காட்டித் தந்ததும் உங்களில் ஒருவர்தான். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டியிருப்பதால், அடுத்த புதுப்பித்தலில் இருந்து பராமரிப்புக் கட்டணம் 12 சதவீதம் கூடும். ஏதாவது ஒரு கோப்பின் அடையாளம் தவறு என்று பட்டால், கோப்பின் பாதையையும் அதிலுள்ள பழைய குறிப்பையும் அப்படியே அனுப்புங்கள். பார்த்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
வெளியீட்டுக் குழு