டிரைவ் மாட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மோட்டார்களுக்கு டிரைவ் (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்தினால் மின்சாரம் மிச்சமாகும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் தப்பில்லை, ஆனால் பாதியோடு நின்றுவிட்டது. ஆலைப் பராமரிப்பில் பேனல் கதவைத் திறந்து மூடியே காலம் போன எலக்ட்ரீஷியன் நான். மீதிப் பாதியை எழுதுகிறேன்.

ப்ளோயர், சென்ட்ரிஃபியூகல் பம்ப் போன்றவற்றில் வேகத்தை 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். கன்வேயருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ப்ளோயரிலும் காற்றுப் பாதையை அடைக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடிவைத்துவிட்டு டிரைவை நாள் முழுக்க முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் என்ன மிச்சமாகும்? விலை கூடிய ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, செட்டிங். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ப்ளோயரின் டிரைவ் எரிந்துபோய்ப் புதியது வந்தது. மாட்டியவர் வோல்டேஜை 415 என்று போட்டார், சுவிட்சைத் தட்டினார், சுற்றியது, போய்விட்டார். சில நாளில் மோட்டாரின் மேல் கை வைக்க முடியவில்லை. பேரிங் என்றார் ஒருவர், ரீவைண்டிங் சரியில்லை என்றார் இன்னொருவர். மோட்டாரின் விவரம் பொறித்த நேம்பிளேட்டின் மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தால் 7.5 கிலோவாட், 415 வோல்ட், 15 ஆம்ப்ஸ், 50 ஹெர்ட்ஸ். டிரைவிலோ பேஸ் ஃப்ரீக்வென்சி 60 என்று, பெட்டியைப் பிரித்தபோது இருந்தபடியே இருந்தது. அதாவது 60 ஹெர்ட்ஸில்தான் 415 வோல்ட் முழுதாக வெளியே வரும். 50-இல் கிடைப்பது சுமார் 346 வோல்ட். வோல்டேஜ் குறைந்தால் சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் எடுக்கும். டிரைவின் திரையிலேயே 18 ஆம்ப்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால் ஏன் டிரிப் ஆகவில்லை? டிரைவ் 11 கிலோவாட்டுக்கானது. மோட்டாரின் கரண்ட் என்று கேட்கும் இடத்தில் 15 போடாமல், டிரைவின் சொந்த ரேட்டிங்கான 24-ஐ அப்படியே விட்டிருந்தார்கள். 18 ஆம்ப்ஸ் அதன் கண்ணுக்கு ஓவர்லோடே இல்லை. இரண்டு எண்களை மாற்றியதும் சூடு அடங்கியது. டிரைவின் பட்டன் பலகையான கீபேடில் ஐந்து நிமிட வேலை.

ஓவர்வோல்டேஜ் டிரிப்பும் இப்படித்தான். கனமான சக்கரத்தை இரண்டு விநாடியில் நிறுத்தச் சொன்னால், மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை டிரைவுக்கே திருப்பி அனுப்பும். டிரைவுக்குள் மின்சாரம் தேங்கும் டிசி பஸ்ஸின் வோல்டேஜ் ஏறி டிரிப் ஆகும். நிறுத்தும் நேரத்தைக் கூட்டலாம், சீக்கிரம் நின்றே ஆக வேண்டுமென்றால் திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் போடலாம். ஆனால் ரீசெட்டை அழுத்தி அழுத்தி ஓட்டிவிட்டுக் கடைசியில் டிரைவ் மட்டம் என்று பேர் வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அதேபோல, குறைந்த வேகத்துக்கு ஓர் எல்லை வைக்காமல் 10 ஹெர்ட்ஸில் பாரத்தோடு மணிக்கணக்காக ஓட்டுகிறார்கள். சாதாரண மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றினால் காற்று எங்கிருந்து வரும்?

ஆட்டோ ரீஸ்டார்ட் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் இயந்திரம் தானாகக் கிளம்பும் செட்டிங் அது. ஆள் இல்லாத எக்ஸாஸ்ட் விசிறிக்குச் சரி. கை நுழைகிற மிக்சருக்கும் கன்வேயருக்கும் கூடவே கூடாது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று யார் கேட்டாலும் அதை ஆன் செய்து தர மாட்டேன்.

டிரைவ் வாங்குகிறவர்கள் பில்லோடு சேர்த்து, போட்ட செட்டிங்குகளின் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். பல டிரைவ்களில் கீபேடிலேயே காப்பி எடுத்துவைக்கலாம். இருந்தாலும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பதை நான் இன்னும் விடவில்லை. கீபேடும் சேர்ந்து எரிந்தால் காப்பியும் போய்விடும். இரவு ஷிஃப்டில் டிரைவை மாற்ற நேரும் ஆளுக்கு அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும். அடுத்த கட்டுரையில் இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்பு எலக்ட்ரீஷியன் ஒருவர்