புகையைப் பிடிக்க ஆகும் மின்சாரம்

வள்ளியூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், கனடாவின் எஸ்டெவானில் பவுண்டரி டேம் அனல்மின் நிலையத்தின் முன்னால் நீ எடுத்துக்கொண்ட படமும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். சாரல் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு மூட்டுவலிதான் கொஞ்சம் படுத்துகிறது.

நிலக்கரியை எரித்துக்கொண்டே கரியமில வாயுவைப் பிடித்துவிடலாம் என்றால் அப்புறம் காற்றாலையும் சோலாரும் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். அனல்மின் நிலையத்தில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்த எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு.

நீ பார்த்த நிலையத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கிற அந்த 3-வது யூனிட்டையே எடுத்துக்கொள். புகையில் கரியமில வாயு நூற்றுக்கு 12, 13 பங்குதான். புகையைக் குளிரவைத்து ஒரு கோபுரத்துக்குள் கீழிருந்து ஏற்றுகிறார்கள். மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசல் மழையாகக் கொட்டி, கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இதுவரை சரி. உறிஞ்சியதைக் கக்கவைக்கக் கரைசலை 120 டிகிரி வரை சூடாக்க வேண்டுமே! அதற்கான நீராவியை டர்பைனைச் சுற்ற வேண்டிய நீராவியிலிருந்துதான் எடுக்க முடியும். வாயுவை அழுத்திக் குழாயில் தள்ளக் கம்ப்ரஸர் வேறு. மொத்தத்தில், கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. எங்கள் நிலையத்தில் ஆக்சிலரி செலவு, அதாவது நிலையமே தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம், அரை சதவீதம் கூடினாலே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2014 அக்டோபரில் அந்த வாயு பிடிக்கும் அமைப்பு ஓடத் தொடங்கியது. செலவு கிட்டத்தட்ட 150 கோடி கனடா டாலர். ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிப்பதாகத் திட்டம். 50 லட்சம் டன்னைத் தொடுவதற்குள் 9-வது ஆண்டு வந்துவிட்டது. பக்கத்து 4, 5-வது யூனிட்டுகளுக்கு இதைப் பொருத்துவதில்லை என்று 2018-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். பிடித்த வாயுவில் பெரும்பகுதி வேபர்ன் எண்ணெய் வயலுக்குப் போகிறது, பூமிக்குள் செலுத்தி இன்னும் எண்ணெய் எடுக்க! அமெரிக்காவில் டெக்சாஸின் நிலக்கரி மின் நிலையம் ஒன்றில் வாயு பிடிக்கும் பெட்ரா நோவா திட்டமும் அப்படித்தான். 2020-ல் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்திவிட்டு, 2023-ல்தான் திரும்ப ஓட்டினார்கள். எண்ணெய் விலையைப் பார்த்து நிற்கிற ஒன்றை நம்பி நம் பேரப்பிள்ளைகளின் காலத்தை எப்படி ஒப்படைப்பது?

இந்தப் பக்கம் பார். ராஜஸ்தானின் பட்லாவில் 2017-லேயே சோலார் மின்சாரம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசு என்று ஏலம் போனது. முப்பந்தலில் இப்போது காற்று சீசன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுக்கு எரிபொருள் செலவே கிடையாது. சீசன் முடிந்தால் காற்று படுத்துவிடும், சாயங்காலம் வீட்டுக்கு வீடு விளக்குப் போடும் நேரத்தில் சூரியன் இருக்காது என்பதெல்லாம் உண்மை. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கோவை மாவட்டம் கடம்பாறையில் 1987-லிருந்து நீர்மின் நிலையம் இருக்கிறது, திறன் 400 மெகாவாட். உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பணம் இருந்தால் அதைப்போல் இன்னும் நாலு கட்டலாம், பேட்டரி வாங்கலாம். புகைக்கோபுரத்தில் போடாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

சிமெண்ட் ஆலை வேறு விஷயம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதற்குள்ளிருந்து கரியமில வாயு வரும். எந்த எரிபொருளுக்கு மாறினாலும் அது நிற்காது. அங்கே இந்தத் தொழில்நுட்பம் வேண்டும், அதற்காக ஆராய்ச்சியும் நடக்க வேண்டும்.

எஸ்டெவானில் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சுரங்கத்தை நம்பி இருக்கிற குடும்பங்களைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. நம் நெய்வேலிக்கும் நாளை இதே கேள்விதான் வரும். நிலையம் மூடினால் அவர்களுக்கு என்ன வழி என்று அங்கே பேசிக்கொள்கிறார்களா? யாரையாவது பார்த்தால் விசாரித்து விவரமாக எழுது.

அன்புடன்,
முருகேசன்