பூண்டிக் கரையிலிருந்து ஒரு கடிதம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் தேவலையா? அந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, அலமாரியிலேயே வைத்திருக்கிறாயா?

போன ஞாயிறு பேரனோடு பூண்டி ஏரிக்குப் போனேன். கரையில் அப்படியொரு காற்று. வேட்டியைப் பிடிப்பதா, அவன் கையைப் பிடிப்பதா என்றாகிவிட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்ற ஏரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யார் தாத்தா சத்தியமூர்த்தி?" என்றான். "நம்ம மாப்பிள்ளைத் தாத்தா ஊர்க்காரர்" என்றேன். திருமயத்தில் பிறந்தவர் என்று ஹாஸ்டலில் நீ அடித்த பெருமை கொஞ்சமா!

வீட்டுக்கு வந்தும் அவர் நினைப்புதான். 1934-இல் டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனவர். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக மாகாணமெங்கும் அலைந்து தொண்டை வற்றப் பேசினார். ஜெயித்ததும் பிரதமர் நாற்காலி (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) ராஜாஜிக்குப் போயிற்று. இவருக்கு மந்திரி பதவிகூட இல்லை.

கிடைத்தது 1939-இல் சென்னை மேயர் பதவி, அதுவும் ஒரு வருஷம். போர் தொடங்கிவிட்டது, காங்கிரஸ் மந்திரிசபையும் ராஜினாமா செய்துவிட்டது. அந்த நேரத்தில் கவர்னர் ஆட்சியிடம் மல்லுக்கட்டிக் குடிதண்ணீர்த் திட்டத்துக்குச் சம்மதம் வாங்கினார். 1940-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி அணைக்கு அடிக்கல் விழுந்தது. அணை முடிந்தது 1944-இல். 1942 ஆகஸ்ட் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைக்குப் போய் உடம்பு கெட்டு, 1943 மார்ச்சிலேயே அவர் போய்விட்டார். தேங்கிய தண்ணீரைப் பார்க்கவில்லை. இன்று ஆந்திராவிலிருந்து கண்டலேறு கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீரும் அங்கேதான் வந்து சேர்கிறது.

நீ அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாய். எனக்கு ஓர் இடம் இடிக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முனைந்தபோது எதிர்த்து நின்றவர் இவர். அதை என்னால் விழுங்க முடியவில்லை, நீயும் சப்பைக்கட்டு கட்டாதே.

ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். 1936-இல் மாகாணக் காங்கிரஸ் தலைவரானதும் காமராஜைச் செயலாளராக வைத்துக்கொண்டார். 1940-இல் காமராஜ் தலைவர், இவர் செயலாளர்! நம் ஆபீஸில் ஜூனியர் ஒருவன் உனக்கு மேலே வந்தபோது இரண்டு மாதம் அவனோடு பேசாமல் இருந்தாயே, ஞாபகமிருக்கிறதா?

சரி, பொங்கலுக்கு வருகிறேன். திருமயம் கோட்டைக்குப் போவோம். நீ ஏற வேண்டாம், கீழே டீக்கடையில் உட்கார்ந்திரு.

உன்,
பழைய ரூம்மேட்