சிபாரிசுக் கடிதத்தை விட ரேஷன் அட்டையில் பெயர் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனாலும், மருத்துவமனைக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவராவது காத்திருப்பார். நோயாளி ஏற்கெனவே வார்டில் இருப்பார். வந்தவர் கடிதம் கேட்பார். உதவியாளர் லெட்டர்பேடில் அடித்துக் கையெழுத்து வாங்கித் தருவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் கடிதம் ஓர் ஆவணமே அல்ல. சிகிச்சைச் செலவை ஏற்பதாகக் காப்பீட்டுத் தரப்பு முன் அனுமதி தரும் இடத்தில் அட்டை எண்ணையும் ஸ்கேன், பரிசோதனை அறிக்கைகளையும்தான் பார்க்கிறார்கள். கடிதத்தை நம்பி அரை நாள் அலைந்த குடும்பம், அந்த நேரத்தில் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போயிருந்தால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கும்.

2012 ஜனவரி 11-இல் தொடங்கிய இந்தத் திட்டம், 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தருகிறது. காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு போட்ட 2022 ஒப்பந்தத்தில் 1,090 சிகிச்சைகள் பட்டியலில் வந்தன. இதில் சேர ரேஷன் அட்டை, குடும்பத்தாரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவை போதும். சிக்கல் பெரும்பாலும் ரேஷன் அட்டையில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். பிறந்த குழந்தையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆதாரில் 'முருகேசன்' என்றும் அட்டையில் 'முருகேஷ்' என்றும் இருக்கும். பிள்ளைகளைப் பொறுத்தவரை வேலை, திருமணம், 25 வயது ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் பெற்றோரின் காப்பீடு என்பதும் பலருக்குத் தெரியாது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே இல்லை; அந்த முகாம்கள் இருக்கும் தொகுதிகளின் உறுப்பினர்கள் இதை அங்கே போய்ச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் நோய் வருவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை. பெயர் நீக்கம், பெயர்ச் சேர்ப்பு, அட்டை திருத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகள் இவை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின் இவற்றைத் தொடங்கினால் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. உறுப்பினர் அலுவலகத்தில் வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக ஒரு பதிவேடு வைத்து, மாதம் ஒரு முகாமில் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிக் கஷ்டம் குறையும். உறுப்பினரின் கையெழுத்துக்கு உண்மையில் மதிப்புள்ள ஓர் இடமும் இங்கே இருக்கிறது. முகவரிச் சான்று எதுவும் இல்லாதவர்கள் ஆதாரில் முகவரி மாற்ற, ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சட்டமன்ற உறுப்பினர் சான்றளிக்கலாம். புகைப்படத்தின் மேலும் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். அந்தச் சான்று மூன்று மாதம்தான் செல்லும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு கையெழுத்து எத்தனையோ சிபாரிசுக் கடிதங்களுக்குச் சமம்.

மருத்துவமனையில் சேர்ந்தபின் நடக்கும் தவறுகள் வேறு. திட்டத்தில் பதிவான மருத்துவமனை என்ற பலகையைப் பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்குப் பதிவாகியிருக்கும், எலும்பு சிகிச்சைக்குப் பதிவாகியிருக்காது. எந்தப் பிரிவுக்குப் பதிவு என்பதைச் சேரும் முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். 'இப்போது கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். கையிலிருந்து கட்டிவிட்டு வீடு திரும்பியவருக்குப் பின்னால் பணம் வராது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்குக் கூடுதலாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் தேதி, நேரம், கேட்ட தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அட்டை எண்ணோடு இந்த விவரங்கள் போனால் விசாரிக்க முடியும். உறுப்பினர் கடிதம் எழுத வேண்டிய இடம் இதுதான். 'ஆவன செய்யவும்' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் விசாரிக்க முடியாது.

சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது.

அடுத்தது வருமான வரம்பு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று வைத்தார்கள். இடையில் ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 72,000 மட்டும் 2022 ஜனவரி வரை அப்படியே நின்றது. அதன்பிறகுதான் 1,20,000 ஆனது, அதாவது மாதம் 10,000. மாதம் 12,000 வாங்கும் ஜவுளிக்கடை ஊழியரின் குடும்பம் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. அவரால் தனியார் காப்பீட்டுப் பிரீமியமும் கட்ட முடியாது. ஆனால் சொத்து வரியை ஆண்டுதோறும் உயர்த்த மட்டும் நகர்ப்புற உள்ளாட்சி விதிகளிலேயே வழி இருக்கிறது. சென்னை மாநகராட்சியில் 2024-இல் 6 சதவீதம் உயர்ந்தது. அதே 6 சதவீதத்தை வருமான வரம்புக்கும் வைத்திருந்தால் 1,20,000 என்பது நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 1,51,500 ஆகியிருக்கும். வரிக்கு ஒரு கணக்கு, உதவிக்கு வேறு கணக்கு என்பது நியாயமில்லை. வரம்பையும் ஆண்டுதோறும் தானாக உயர வைக்கும் அரசாணையைக் கேட்டு வாங்குவது சட்டமன்ற உறுப்பினரின் வேலை.

சொத்து வரியில் தனிப்பட்ட முறையில் செய்யக்கூடிய உதவியும் உண்டு. 2022 சீராய்வில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம் உயர்வு. பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் இவை 50, 75. படியின் விளிம்பில் இருக்கும் வீடு, அளவில் பத்து சதுர அடி பிழையானாலும் அடுத்த படிக்கு ஏறிவிடும். பத்திரத்திலுள்ள அளவையும் வரி ரசீதிலுள்ள அளவையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து மறு அளவீடு கேட்க வேண்டும். வீட்டின் ஒரு பகுதியில் இருந்த கடையை மூடியபின்னும் வணிகக் கட்டண விகிதம் தொடர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரையாண்டின் முதல் 30 நாளில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 23,600 கட்டியவருக்கு 3,600 மிச்சம். புதுப்பிக்கும்போது அடிப்படைப் பிரீமியம் ஏறியிருக்கிறதா என்று பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளீட்டு வரி வரவை, அதாவது தங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதியை, இழந்த நிறுவனங்கள் அதை அங்கே ஈடுகட்டப் பார்க்கலாம். வேலையிடம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு தரப்படவில்லை. ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்களுக்கு மொத்தமாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு உண்டு. நம் நிதியமைச்சர் அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைப் பேரவையில் உறுப்பினர்கள் சொல்லலாம்.

துறைகளுக்கான நிதியைக் கேட்டுப் பேரவையில் வைக்கப்படும் மானியக் கோரிக்கைகளில் எண் 19, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கானது. அந்த விவாதத்தில் தொகுதிக்குப் புதுக் கட்டடம் கேட்பதோடு நின்றுவிடாமல் இதையும் கேளுங்கள்: என் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை முன் அனுமதிகள் மறுக்கப்பட்டன? அவற்றில் ஆவணக் குறை எத்தனை, பட்டியலில் இல்லாத சிகிச்சை எத்தனை, அறிக்கை போதாதவை எத்தனை? ஆவணக் குறை என்று பதில் வந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிசெய்யலாம். பட்டியலில் இல்லை என்றால் அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் அந்தச் சிகிச்சையைச் சேர்க்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
மதுரை.