தெற்குத் தெரு ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பானவர்களே,

2023 டிசம்பர் 17, 18-இல் வந்த மழை வெள்ளத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகச் செய்தியில் சொன்னார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கிற நமக்குச் சுவரில் நிற்கிற கறையே போதும். ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். அதிகாலை ஆராதனை மட்டும் வைப்போம், சீரியல் லைட்டும் குடிலும் கேக்கும் வேண்டாம் என்று சபைக் கமிட்டியில் முடிவு செய்திருந்தோம். செய்கிற நிலையிலும் யாரும் இல்லை.

24-ஆம் தேதி மத்தியானம் கோயிலுக்குள் சேறு வழித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி தலையில் ஒரு கட்டோடு வந்து நின்றார்கள். எல்லாம் காய்ந்த பனங்குருத்தோலை. பொங்கலுக்குப் பெட்டி முடைந்து விற்பதற்காகப் பரணில் போட்டு வைத்திருந்தது. வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் நனையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். “உங்க சாமி பொறந்த நாளு, வாசல்ல ஒண்ணுந் தொங்கலன்னா நல்லாவா இருக்கும்?” என்றார்கள். ஆச்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் கோயில் படியில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தார்கள்.

ஈர்க்கைக் கிழித்துத் தனியே வைத்து, ஓலையை ஈரத்துணியில் சுற்றிப் பதம் வரும்வரை காத்திருந்தார்கள். பெட்டியும் கொட்டானும் விசிறியும் முடைகிற கைக்கு நட்சத்திரம் புதுசு. ஒரு பையன் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினான். உற்றுப் பார்த்துவிட்டு, “இது பெரிய கிலுக்கு மாதிரில்லா இருக்கு” என்று, ஓலையில் முடைகிற கிலுகிலுப்பையை நினைத்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான், பிடி கிடைத்துவிட்டது. ஈர்க்கையே சட்டமாகக் கட்டி, பொழுது சாய்வதற்குள் வாசலுக்குப் பெரியது ஒன்றும், வீடிழந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னதும் முடைந்து கொடுத்தார்கள். ரூபாயை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்கள். “பண்டிகை முடிஞ்சா ஆத்துல வீசிராதீங்க, அடுப்பெரிக்க ஆகும்” என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வாய்க்கால் மடையைத் திறக்கப் போனவர்கள் முதலில் அள்ளிப் போட்டது மண்ணை அல்ல; தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், கேரிபேக், கிழிந்த பிளெக்ஸ். 2019 ஜனவரி 1 முதல் தட்டுக்கும் டம்ளருக்கும் கேரிபேக்குக்கும் தமிழ்நாட்டில் தடை. மடைக்கு அது தெரியாது போல.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படகோடு வந்த கடற்கரை அண்ணாச்சிமார், பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்த சோற்றுப் பொட்டலங்கள், கம்பத்திலேயே குடியிருந்த மின்வாரியத் தம்பிகள், வெளியூரிலிருந்து வந்து நம் தெருவைக் கழுவிய தூய்மைப் பணியாளர்கள், கரோல் காணிக்கையைக் கூரை போட ஒதுக்கிய வாலிபர்கள், பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்த போதகர் ஐயர். அப்புறம், தன் தோட்டம் முழுக்கச் சாய்ந்து கிடந்தும் “இலையாவது உதவட்டும்” என்று அறுத்துக் கழுவி அனுப்பிய வாழைக்கார மாமா. அரிக்கேன் வெளிச்சத்தில் ஆராதனை முடிந்து, எல்லாச் சாதி சனமும் அந்த இலையில்தான் சாப்பிட்டோம். எனக்கு நினைவு தெரிந்து இப்படியொரு கிறிஸ்துமஸ் வந்ததில்லை.

இனி நம் கோயில் வாசலில் ஓலை நட்சத்திரம்தான் என்று கமிட்டியில் எழுதியாகிவிட்டது. குடிலுக்கு வைக்கோலும் சவுக்குக் கொப்பும் போதும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பனங்கொட்டை பொறுக்கிக் குளத்தங்கரையில் ஊன்றுவதாக வாலிபர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதை நானும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆச்சி, பனையேறும் அண்ணாச்சியிடம் பேசிவிட்டோம். வெயில் முகம் தெரிந்ததும் குருத்தோலை வெட்டி, காயவைத்து, உங்கள் திண்ணையில் இறக்குவார். பொங்கல் பெட்டிக்கு ஆகும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.